பழைய பைக் டேங்கில் துரு: எடுப்பதும் திரும்ப வராமல் பார்ப்பதும்

பழைய புல்லட்டையோ யெஸ்டியையோ ஆர்எக்ஸ் 100-ஐயோ தூசி தட்டி ஓட்ட நினைப்பவர்கள் முதலில் செலவழிப்பது இன்ஜினுக்கு. அப்புறம் டயர், ஒயரிங், பெயின்ட். டேங்க் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பது கடைசியில்தான். வண்டி ஸ்டார்ட் ஆகும், இரண்டு கிலோமீட்டர் ஓடும், திணறும், நிற்கும். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் போகும் நுண்துளையான ஜெட்டை ஊதி மாட்டித் தருவார். மறுபடியும் இரண்டு கிலோமீட்டர்தான், டேங்கிலிருந்து இறங்கும் துருப்பொடி ஜெட்டைத் திரும்ப அடைத்துவிடும். கார்புரேட்டர் கிளீனிங்குக்கு இப்படித் திரும்பத் திரும்பக் கொடுக்கும் காசில் டேங்கையே சுத்தம் செய்துவிடலாம்.

புதுசாக ஒன்று வாங்கி மாட்டினால் என்ன என்று கேட்கலாம். ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-இல் நின்றது. யெஸ்டி செய்த மைசூர் ஐடியல் ஜாவா ஆலையும் அதே ஆண்டு மூடியது. கடைசியாக வெளிவந்த வண்டிக்கே முப்பது வயது ஆகிறது. கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை டூப்ளிகேட் டேங்குகள். தகடு மெல்லிசு, ஃப்ரேமில் சரியாக உட்காராது, மூடி இறுகாது. ஓட்டை விழுந்து சல்லடையாகாத வரை ஒரிஜினல் டேங்கைக் காப்பாற்றுவதுதான் லாபம்.

துருவை எடுக்க எந்த ஆசிட் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வினிகர், சிட்ரிக், பாஸ்பாரிக் என்று எதை ஊற்றினாலும் துரு போகும். ஆசிட் ஊற்றும் முன் பிசுக்கை எடுத்தோமா, ஊற்றிய பின் டேங்கை எவ்வளவு வேகமாகக் காய வைத்தோம் என்பதில்தான் வேலை நிற்கிறது. அதனால் இங்கே அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம்.

துரு எங்கிருந்து வருகிறது

பெட்ரோல் இரும்பைத் துருப்பிடிக்க வைக்காது. முழுக்க பெட்ரோல் நிரம்பிய டேங்கில் துருவுக்கு அநேகமாக வழியில்லை. சிக்கல் காலி இடத்தில் இருக்கும் காற்றால் வருகிறது. பகலில் டேங்க் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடியின் மூச்சுத் துளை வழியாக வெளியேறும். ராத்திரி குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றிலுள்ள ஈரம் தகட்டின் உள்பக்கம் வேர்த்து, சொட்டாகி, கீழே இறங்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் அடியில் போய்த் தேங்கி நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோர ஊரில் கால் டேங்க் பெட்ரோலோடு ஒரு வண்டி மாடிப்படிக்குக் கீழே நின்றால் இது தினமும் நடக்கும்.

அதனால் துரு இரண்டு இடங்களில் இரண்டு மாதிரி இருக்கும். மேல்பாதியில் மெல்லிய செம்மண் நிறப் பொடியாக இருக்கும், தேய்த்தால் வந்துவிடும். அடியில், தண்ணீர் தேங்கிய பள்ளத்தில், தடித்த பொருக்காக இருக்கும். ஓட்டை விழுவது பெரும்பாலும் அங்கேதான். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் தகட்டில் ஒட்டி நிற்காமல் உதிரும், உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளியே வந்து அதுவும் துருப்பிடிக்கும்.

இதில் எத்தனால் வேறு சேர்ந்துகொண்டது. 2003-இல் 5% கலப்போடு தொடங்கிய திட்டம் 2025-இல் 20%-ஐ எட்டிவிட்டது. எத்தனால் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். தினமும் ஓடும் வண்டியில் அது நல்லதுதான், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பெட்ரோலோடு கலந்து எரிந்துவிடும். நிற்கும் வண்டியில் நிலைமை வேறு. தண்ணீர் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தனிப் படலமாக இறங்கும். 10% கலப்பில் சுமார் அரை சதவீதம் தண்ணீர் சேர்ந்தாலே இது நடக்கும். 10 லிட்டர் பெட்ரோலுக்கு 50 மில்லி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 20% கலப்பு இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆனால் பிரியும்போது இறங்கும் படலமும் பெரிதாக இருக்கும். தகட்டை அரிப்பதில் வெறும் தண்ணீரைவிட அது மோசம்.

முதலில் நிலைமையைப் பாருங்கள்

பெட்ரோல் காக்கை, அதாவது டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாயை, திறந்து கால் லிட்டரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியில் கண்ணாடி மாதிரி ஒரு தனிப் படலம் தெரிந்தால் தண்ணீர் இருக்கிறது. காப்பிப் பொடி போல் ஏதாவது படிந்தால் துரு. பெட்ரோல் மஞ்சள் கறுத்து, வார்னிஷ் வாடை அடித்தால் பிசினும் இருக்கிறது என்று அர்த்தம். பழைய பெட்ரோல் வற்றி வற்றிக் கெட்டியாகிப் படியும் அந்தப் பிசின் துருவின் மேல் பூச்சு போல உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம் சின்ன எல்இடி டார்ச்சை மூடி வழியாகக் காட்டி உள்ளே பாருங்கள். தீக்குச்சி, லைட்டர், ஒயரில் தொங்கும் பல்பு எதுவும் கிட்டே வரக் கூடாது. செல்போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமரா இப்போது மலிவாகக் கிடைக்கிறது. டேங்கைக் கழுவிய பிறகு அதை உள்ளே விட்டுப் பார்த்தால் மூடியிலிருந்து கண்ணுக்கு எட்டாத மூலைகளும் தெரியும்.

வெறும் செம்பொடி என்றால் ஆசிட் ஒரு சுற்று போதும். பொருக்கு இருந்தால் முதலில் சங்கிலி போட்டுக் குலுக்க வேண்டும். அடிப்பக்கம் வெளியே பெயின்ட் கொப்புளித்து, நகத்தால் அழுத்தினால் தகடு அமுங்கினால், ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது, துருதான் அதை அடைத்துக்கொண்டிருக்கிறது. துருவை எடுத்ததும் ஒழுகும். அதற்கும் சேர்த்து மனசைத் தயார் செய்துகொண்டு இறங்குங்கள்.

தீ விஷயத்தில் சமரசம் வேண்டாம்

முழு டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறியே வெடிக்க வைக்கும். கவிழ்த்து வைத்த காலி டேங்கில் அந்த அளவு எளிதாக இருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து போய், பத்தடி தள்ளியிருக்கும் கேஸ் அடுப்பையோ பூஜை விளக்கையோ தொட்டுவிடும்.

வேலை திறந்த வெளியில் நடக்க வேண்டும். மொட்டை மாடியும் கொல்லைப்புறமும் சரி, கதவடைத்த கார் ஷெட் வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். பெட்ரோலை மூடியுள்ள கேனில் பிடியுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். பெட்ரோல் ஈரம் போகாத டேங்குக்குள் சங்கிலியையோ நட்டையோ போட்டுக் குலுக்கவே கூடாது. இரும்பும் இரும்பும் உரசினால் பொறி வரும். எப்போதும் கழுவிவிட்டுத்தான் குலுக்க வேண்டும்.

கழற்றுவதும் அடைப்பதும்

டேங்கை வண்டியிலிருந்து முழுசாக இறக்குங்கள். வண்டியிலேயே வைத்துச் செய்யும் குறுக்குவழி எதுவும் உருப்படாது. காக்கைக் கழற்றுங்கள், அதன் மேலே நிற்கும் வலைக்குழாயும் கூடவே வரும். மூடியையும் எடுத்துவிடுங்கள், ஆசிட் பட்டால் அதன் ரப்பரும் ஸ்பிரிங்கும் பாழாகும். பெட்ரோல் அளவு காட்டும் மிதவை இருந்தால் அதற்கும் இதே கதி.

இனி காக் இருந்த ஓட்டையை அடைக்க வேண்டும். மரை போட்டு ஏறும் காக் என்றால் அதே மரைக்கு ஒரு போல்ட்டும் ரப்பர் வாஷரும் போதும். இரண்டு ஸ்க்ரூவில் உட்காரும் காக் என்றால் ஒரு சின்னத் தகட்டை வெட்டி, சைக்கிள் டியூப் துண்டைக் கீழே வைத்து இறுக்குங்கள். தகடு அலுமினியமாக இருக்க வேண்டாம், பிசுக்கு எடுக்கும் காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும். வேலைக்கென்று ஒரு பழைய மூடியைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சரியான அளவில் ரப்பர் கார்க்.

பெயின்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மூடி வாயைச் சுற்றியும் அடிப்பக்கமும் கிரீஸைத் தடவி, மேலே பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றுங்கள். ஸ்டிக்கரோடு இருக்கும் ஒரிஜினல் பெயின்ட் டேங்க் என்றால் இந்தப் பத்து நிமிடத்தில் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம். ஒரு வாய் ஆசிட் வழிந்தால் வெள்ளையாகக் கோடு விழுந்துவிடும்.

பிசுக்கை எடுத்தால்தான் ஆசிட் வேலை செய்யும்

எண்ணெயும் பிசினும் படிந்த துருமேல் ஆசிட் ஊற்றினால் அது வழுக்கிக்கொண்டு நிற்கும், தொடாது. 'ரெண்டு நாள் ஊற வெச்சும் ஒண்ணும் ஆகலை' என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள். ராஜ்தூத், பழைய யெஸ்டி மாதிரி பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றிய வண்டிகளில் எண்ணெய்ப் படலம் இன்னும் அதிகம். ஆனால் அதே எண்ணெய்தான் அந்த டேங்குகளைத் துருவிடமிருந்து இவ்வளவு நாள் ஓரளவு காப்பாற்றியும் வைத்திருக்கும்.

கை பொறுக்காத சூட்டில் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் தாராளமாக. பாதி டேங்க் ஊற்றி, அடைத்து, எல்லாப் பக்கமும் புரட்டிக் கொட்டுங்கள். வரும் தண்ணீரில் வானவில் மாதிரி எண்ணெய் மினுக்கம் தெரியாமல் போகும்வரை திரும்பச் செய்யுங்கள். பிசின் கெட்டியாக இருந்தால் அசிட்டோன் ஒரு லிட்டர் ஊற்றி ஒரு ராத்திரி ஊற வைத்து, அப்புறம் சோப்பு நீர். அதற்கும் மசியாத பிசினுக்குக் காஸ்டிக் சோடா: ஒரு லிட்டருக்கு 30 முதல் 50 கிராம். எப்போதும் தண்ணீரில் சோடாவைப் போட வேண்டும், சோடாவில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகும் என்பதால் கண்ணாடி போடாமல் இதைத் தொடாதீர்கள். காஸ்டிக் பெயின்டையும் உரிக்கும். பெயின்ட் மாற்றப் போகிறவர்களுக்குத்தான் இது சரி.

சரியாக வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. டேங்கைச் சுத்தமான தண்ணீரால் அலசிக் கவிழ்த்ததும் மூடி வாய்க்குள் டார்ச் அடியுங்கள். தண்ணீர் தகட்டில் பரவி ஒரே படலமாக நின்றால் பிசுக்கு போய்விட்டது. முத்து முத்தாக உருண்டால் இன்னும் இருக்கிறது.

சங்கிலி

பொருக்கு இல்லாவிட்டால் இந்தப் படியே வேண்டாம். இருந்தால், மெல்லிய இரும்புச் சங்கிலி இரண்டடி, சோப்புத் தண்ணீர் ஒரு லிட்டர். உள்ளே போட்டு அடைத்துக் குலுக்குங்கள். ஜல்லி, நட், ஸ்க்ரூ என்று பலர் போடுவார்கள். அவையும் நன்றாகத் தேய்க்கும், ஆனால் டேங்கின் நடுவில் ஃப்ரேம் நுழைகிற மேட்டுக்கு இரண்டு பக்கமும் ஒளிந்துகொண்டு வெளியே வராமல் அடம் பிடிக்கும். போட்டால் எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள். சங்கிலி என்றால் ஒரு முனையில் கம்பி கட்டி இழுத்துவிடலாம்.

கைவலிதான் இதில் பெரிய சிக்கல். டேங்கைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்து, ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் என்று மாற்றி மாற்றிக் குலுக்குவது நல்லது. போர்வையில் சுற்றி கான்கிரீட் மிக்சரில் கட்டிச் சுழற்றியவர்களும் உண்டு, வேலை நடக்கும், டேங்குக்கு நெளிசல் விழாமல் இருந்தால் அதிர்ஷ்டம்.

எதை ஊற்றுவது

புளியும் உப்பும் போட்டுப் பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதில் இருக்கும் அதே வித்தைதான் இங்கும். உலோகத்தின் மேல் படிந்ததை அமிலம் கரைக்கிறது. எந்த அமிலம் என்பது வேகத்தையும் ஆபத்தையும் மட்டும் மாற்றும்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்ற பெயரில் கிடைக்கும் அதேதான், கெமிக்கல் கடையில் கிலோவாக வாங்கினால் மலிவு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம். தண்ணீர் 60 டிகிரி அளவுக்குச் சூடாக இருந்தால் வேகம் கூடும். டேங்கை விளிம்பு வரை நிரப்புங்கள். பாதி ஊற்றிப் புரட்டிக்கொண்டே இருந்தால் காற்றுப் படும் இடமெல்லாம் கோடு விழும், அதிலும் மேல்தகடு சரியாக நனையாது. மூடியை இறுக்க வேண்டாம், லேசாக வைத்தால் போதும். ஆசிட் இரும்போடு சேர்ந்து ஹைட்ரஜன் கொஞ்சம் வரும், அது வெளியேற வழி வேண்டும், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பச்சை கலந்த மஞ்சளாகும், அப்புறம் டிக்காஷன் நிறத்துக்குப் போகும். 12 மணி நேரத்தில் ஒரு தடவை கொஞ்சம் கொட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத் தகடு தெரிந்தால் போதும். பொருக்கு மீதி இருந்தால் பழையதைக் கொட்டிப் புதுக் கரைசல் ஊற்றுங்கள். ஒரே கரைசலை நாள்கணக்கில் விட்டால் மஞ்சளாகப் படிவு ஒன்று ஒட்டிக்கொள்ளும், நல்ல இரும்பும் தேயும். எத்தனை மணி நேரம் என்று கடிகாரத்தை நம்ப வேண்டாம், கண்ணை நம்புங்கள்.

வினிகரும் இதே மாதிரிதான், 4, 5 சதவீத அசெட்டிக் அமிலம் என்பதால் மெதுவாகப் போகும், ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகலாம். டேங்க் நிறைய வினிகர் வாங்குவது சிட்ரிக்கைவிடச் செலவு. வேகத்துக்கு உப்பு சேர்க்கச் சொல்வார்கள், சேர்க்காதீர்கள். உப்பிலுள்ள குளோரைடு தகட்டின் இண்டு இடுக்கில் தங்கி, கழுவிய பிறகும் துருவைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

பெயின்ட் கடையில் ரஸ்ட் ரிமூவர் என்று விற்பது பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம். வேகமானது. துருவைக் கரைத்த கையோடு தகட்டில் சாம்பல் நிற பாஸ்பேட் படலம் ஒன்றையும் விட்டுவிட்டுப் போகும், காய வைக்கும் நேரத்தில் அது கொஞ்சம் பாதுகாப்பு. சிட்ரிக்கில் துருவை எடுத்துவிட்டு, கடைசியில் 15, 20 நிமிடம் பாஸ்பாரிக் ஒரு அலசு அலசுவது அருமையான சேர்க்கை. கோலாவிலும் இதே அமிலம் இருக்கிறது என்று பாட்டில் பாட்டிலாக ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் இருப்பது மிகக் கொஞ்சம், மீதியெல்லாம் சர்க்கரை. ஒட்டுவதைக் கழுவத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

பாத்ரூம் கழுவும் ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக், பல பட்டறைகளில் ஓடுகிறது. பத்து நிமிடத்தில் துரு போகும் என்பது உண்மை. அதே பத்து நிமிடத்தில் மெலிந்த தகட்டில் ஊசித் துளை விழுவதும் உண்மை. அதன் புகை மூச்சை அடைக்கும், பக்கத்தில் இருக்கும் ஸ்பேனர்கூட மறுநாள் துருப்பிடித்திருக்கும். யெஸ்டி மாதிரி குரோம் போட்ட டேங்க் என்றால் வழிந்த இடத்தில் குரோமையே கரைத்துவிடும். முப்பது வருடத் தகட்டுக்கு இது வேண்டாம்.

கரண்ட் வைத்து எடுப்பது

பொறுமை இருந்தால் தகட்டுக்குக் கொஞ்சமும் கேடில்லாத வழி மின்பகுப்பு. நல்ல இரும்பை இது தொடாது. டேங்க் நிறையத் தண்ணீர், நாலு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. ஆப்ப சோடா அல்ல, சாப்பாட்டு உப்பு அறவே கூடாது, உப்புப் போட்டால் குளோரின் வாயு வரும். மூடி வாயில் ஒரு ரப்பர் கார்க், அதில் காற்றுப் போக ஒரு துளை, நடுவே சாதாரண இரும்புக் கம்பி ஒன்று உள்ளே தொங்க வேண்டும். கம்பி டேங்கை எங்கேயும் தொடக் கூடாது, தொட்டால் ஷார்ட். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரில் மைனஸ் டேங்குக்கு, பிளஸ் கம்பிக்கு. மாற்றிக் கொடுத்தால் டேங்க்தான் கரையும், ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கக் கூடாது. அதிலிருந்து வரும் குரோமியம் கலவை விஷம். பழைய டிரான்ஸ்பார்மர் வகை சார்ஜர்தான் இதற்கு லாயக்கு. புது ஆட்டோமேட்டிக் சார்ஜர்கள் பேட்டரி இல்லை என்று நினைத்து கரண்டே விடாது. சுவிட்ச் போட்டதும் கம்பியைச் சுற்றி நுரை பொங்கும், சில மணி நேரத்தில் கம்பி முழுக்கப் பழுப்புச் சேறு அப்பும். அதைத் துடைத்துவிட்டு மறுபடி இறக்க வேண்டும். கம்பிக்கு நேரே தெரிகிற பக்கம்தான் வேகமாகச் சுத்தமாகும், அதனால் கம்பியை வளைத்து இரண்டு பக்கப் பள்ளத்துக்கும் காட்டுங்கள். வெளிவருவது ஹைட்ரஜன் என்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். கிளிப்பைக் கழற்றும் முன் சுவிட்சை அணைத்துவிடுங்கள், கிளிப்பில் வரும் ஒரு பொறி போதும்.

வெல்லப்பாகும் உண்டு. சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸ் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, ஒன்றிரண்டு வாரம். துரு போகும். நாற்றமும் எறும்பும் வீட்டில் சண்டையும் வரும்.

அந்த அரை மணி நேரம்

ஆசிட்டைக் கொட்டிய நொடியிலிருந்து பந்தயம் ஆரம்பம். சுத்தமான, ஈரமான, காற்றுப் படும் இரும்பைவிட வேகமாகத் துருப்பிடிப்பது வேறெதுவும் இல்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வெள்ளியாக மின்னிய தகட்டில் மஞ்சள் புகை படிந்திருக்கும். அதனால் ஆசிட்டைக் கொட்டும் முன்பே வெந்நீர், ஆப்ப சோடா, ஆல்கஹால், பெட்ரோல், ஆயில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கொட்டியதும் தண்ணீரால் ஒரு அலசு. உடனே நாலைந்து லிட்டர் தண்ணீரில் ஆப்ப சோடா மூன்று கரண்டி கரைத்து ஊற்றிப் புரட்டுங்கள், மிச்ச ஆசிட்டோடு சேர்ந்து நுரைக்கும். நுரை வருவது நிற்கும்வரை செய்ய வேண்டும். அப்புறம் கடைசி அலசு, நல்ல வெந்நீரில். தகடு சூடாக இருந்தால் தானே காய ஆரம்பிக்கும். டேங்கைக் கவிழ்த்து, ஒரு பக்கம் சாய்த்து, மறுபக்கம் சாய்த்து, நடு மேட்டின் இரு புறத்திலும் தங்கிய தண்ணீரை வடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் சாய்த்துவிட்டு வடிந்துவிட்டது என்று நினைப்பது வழக்கம், மறுபக்கத்தில் ஒரு டம்ளர் நிற்கும்.

இனி இரண்டு வழிகளில் ஒன்று. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ அசிட்டோனோ அரை லிட்டர் ஊற்றிப் புரட்டுங்கள், அது மிச்சத் தண்ணீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வெளியே வரும். இன்னொரு தடவை புதுசாக ஊற்றிக் கொட்டி, காற்றில் வைத்தால் சில நிமிடத்தில் காய்ந்துவிடும். பெயின்ட் தின்னர் இதற்கு உதவாது, தண்ணீரோடு கலக்காது. அல்லது ஆல்கஹால் எதுவும் இல்லாமல், காக் ஓட்டை வழியாக ஹேர் டிரையரையோ புளோயரையோ விட்டுச் சூடான காற்றால் காய வையுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள். ஆல்கஹால் ஆவி நிற்கும் டேங்கில் ஹேர் டிரையரை நுழைப்பது தீக்குச்சி போடுவதற்குச் சமம்.

காய்ந்ததும் ஒரு லிட்டர் பெட்ரோலில் 100 மில்லி 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு பெட்ரோலில் கலக்கும் ஆயில்) கலந்து ஊற்றி, மேல்தகடு நனையும்படி எல்லாப் பக்கமும் புரட்டுங்கள். உடனே மாட்டப் போகிறீர்கள் என்றால் அதைக் கேனில் பிடித்துவிட்டு டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றுங்கள். பெயின்ட் கடைக்குப் போகிறது, ஒரு மாதம் ஆகும் என்றால் ஆயிலைக் கொஞ்சம் அதிகமாகவே பூசி, எல்லா ஓட்டையையும் அடைத்துக் கொடுங்கள். பெயின்டர் தண்ணீர் விட்டு எமரி பேப்பரால் தேய்க்கும்போது உள்ளே தண்ணீர் இறங்கினால் செய்த வேலையெல்லாம் வீண்.

ஓட்டை இருந்தால்

மண்ணெண்ணெய் ஊற்றி, செய்தித்தாள் மேல் ஒரு ராத்திரி வைத்தால் ஊசித் துளைகூடக் காட்டிக்கொடுத்துவிடும். பெரும்பாலும் அடித்தகட்டின் ஓரத் தையலிலும் காக் உட்காரும் இடத்தைச் சுற்றியும் இருக்கும். ஒன்றிரண்டு துளை என்றால் ஈயப்பற்று, பெரிய ஓட்டை என்றால் பித்தளைப்பற்று. இதைப் பழைய டேங்க் பார்த்த கையிடம் மட்டும் கொடுங்கள். பத்து தடவை கழுவிய டேங்கிலும் தையல் இடுக்கில் பெட்ரோல் ஒளிந்திருக்கும். அனுபவஸ்தர்கள் கழுவிய பிறகும் டேங்கில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, பற்று வைக்கும் இடத்தில் மட்டும் தண்ணீர் இல்லாதபடி திருப்பி வைத்துத்தான் நெருப்பைக் காட்டுவார்கள். கழுவாமலே நெருப்பை எடுப்பவரைக் கண்டால் டேங்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். எம்-சீல் வீடு போய்ச் சேர மட்டும் உதவும்.

லைனர் பற்றி ஒரு வார்த்தை

உள்ளே எபாக்ஸி பூசிவிட்டால் துருவே வராது என்று லைனர் விற்கிறார்கள். ஓட்டை இல்லாத டேங்குக்கு லைனர் வேண்டாம் என்பது என் கட்சி. துரு சரியாகப் போகாத தகட்டின் மேல் பூசினால் அது கீழே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சில வருடத்தில் தோலாக உரிந்து காக்கை அடைக்கும். உரிந்த லைனரை எடுப்பது துருவை எடுப்பதைவிடப் பெரிய பாடு. எத்தனால் வருவதற்கு முன் செய்த பழைய வகை லைனர்கள் இன்றைய பெட்ரோலில் இளகியும் விடும்.

ஊசித் துளைகள் நிறைய இருந்து பூசியே தீர வேண்டும் என்றால், எத்தனால் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கும் இரண்டு பாக எபாக்ஸியை வாங்குங்கள். தகடு எலும்பு போலக் காய்ந்திருக்க வேண்டும், ஆயில் பூசியிருக்கக் கூடாது. காக் மரையில் கிரீஸ் தடவிய போல்ட்டை ஏற்றிவிடுங்கள், இல்லையென்றால் மரை அடைபடும். ஊற்றி, சில நிமிடத்துக்கு ஒரு தடவை திருப்பித் திருப்பி எல்லா இடமும் படவிட்டு, மிச்சத்தை முழுசாக வடித்துவிடுங்கள். அடியில் குளமாக நின்ற எபாக்ஸிதான் முதலில் உரியும். காய டப்பாவில் போட்டிருக்கும் நாட்களுக்குக் குறையாமல் விடுங்கள்.

மாட்டும்போது

காக்கின் வலைக்குழாயைப் பிரித்துக் கழுவுங்கள், கிழிந்திருந்தால் மாற்றுங்கள். வாஷர் புதுசு போடுங்கள். கார்புரேட்டரின் அடிக்கிண்ணமான பவுலைக் கழற்றி அடியில் தங்கிய துருப்பொடியைத் துடைத்து, குறைந்த வேகத்துக்கான பைலட் ஜெட்டைக் காற்றடித்து மாட்டுங்கள், டேங்கைச் சுத்தம் செய்துவிட்டு இதை விட்டால் அதே தொல்லை தொடரும். பெட்ரோல் டியூபில் வெளியே தெரிகிற மாதிரி ஒரு ஃபில்டர் போடுவது நல்லது. பம்ப் இல்லாத வண்டிக்கு என்று கேட்டு வாங்குங்கள். கார் ஃபில்டரின் அடர்த்தியான பேப்பரில் பெட்ரோல் தன் எடையில் இறங்கச் சிரமப்படும்.

முதல் டேங்க் பெட்ரோலில் ஃபில்டர் லேசாகச் சிவக்கலாம், அது மிச்சப் பொடி. இரண்டாவது டேங்கிலும் சிவந்தால் எங்கோ பொருக்கு மீதி இருக்கிறது.

இனி வராமல் இருக்க

மூடியிலிருந்து ஆரம்பியுங்கள். ரப்பர் கட்டியாகி வெடித்திருந்தால் மழையிலும் வாட்டர் வாஷிலும் தண்ணீர் நேராக உள்ளே போகும். மாற்றும் ரப்பர் சின்னச் செலவுதான். மூச்சுத் துளையை அடைத்துவிடாதீர்கள், அது அடைந்தால் உள்ளே வெற்றிடமாகி வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் இறங்காமல் நிற்கும். வாட்டர் வாஷ் கொடுக்கும்போது மூடிமேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டச் சொல்லுங்கள்.

வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓடும் வண்டிக்கு வேறெதுவும் தேவையில்லை, பாதிக்குக் கீழே பெட்ரோல் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இரண்டு மாதம் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பி, காக்கை மூடி, கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோல் தீரும்வரை இன்ஜினை ஓட்டி அணையுங்கள். வெளிநாடு போகிறோம், ஒரு வருடம் ஆகும் என்றால் நிரப்பி வைப்பது சரிப்படாது, எத்தனால் பெட்ரோல் அவ்வளவு நாள் தாங்காது. முழுசாக வடித்து, காய வைத்து, 2டி ஆயிலைப் புரட்டிப் பூசி, மூடியை இறுக்கி வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போங்கள். யாராவது தெரிந்தவர் 'நான் வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வெக்கிறேன்' என்று சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடவிடுவதால் டேங்கில் பெட்ரோல்தான் குறையும், காலி இடம் கூடும், சைலன்சரும் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.